ஒன்பது ஆள் உயரம்

நான் ஆளை வரைய மாட்டேன். கேட்டவர்களிடமெல்லாம் முகத்துக்கு நேராகவே அதைச் சொல்லியிருக்கிறேன். செம்மேட்டில் பள்ளிக்கூடத்து ஓவிய டீச்சர் என்று தெரிந்தால் போதும், ஆளாளுக்கு ஒரு போட்டோவைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். காலமான அப்பா, கல்யாணக் கோலத்தில் மகள், கட்சித் தலைவர். எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடுவேன். மரம் வேண்டுமானால் சொல்லுங்கள், போட்டுத் தருகிறேன் என்பேன். மரந்தான் வாசலிலேயே நிற்கிறதே, அதை எதற்குச் சுவரில் மாட்ட வேண்டும் என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள்.

மரத்திலும் எல்லா மரமும் எனக்கு ஆகாது. சில்வர் ஓக்கை நான் தொட்டதே இல்லை. மிளகுக் கொடி ஏற்றுவதற்காக எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டார்கள், இப்போது மலையில் திரும்பின பக்கமெல்லாம் அதுதான். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிற்கும். ஒரு கோணல் இல்லை, ஒரு முண்டு முடிச்சு இல்லை. வெளியூர் மரத்தையெல்லாம் வரைய முடியாது என்று நான் வீராப்பாகச் சொன்னால் என் வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார்.

"நாம மட்டும் என்ன புள்ள, இந்த மலையிலயே மொளைச்சமா? ட்ரான்ஸ்பர்ல வந்தவங்கதான" என்பார்.

அவர் லைன்மேன். கீழ்நாட்டிலிருந்து இருவரும் மாற்றல் வாங்கிக்கொண்டு மலைக்கு வந்து ஏழு வருடம். பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவரும் நானும்தான். நான் மரம் வரைகிறவள், அவர் கம்பியில் உரசுகிற கிளையை வெட்டுகிறவர். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? நான் ஒரு பலா மரத்தை இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்து முடிக்க, மூன்றாவது வாரம் அவர் போய் அதன் வடக்குக் கிளையை இறக்கிவிட்டு வந்தார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. "உன் படத்துல அந்தக் கெளை இருக்குதல்ல, பொறகென்ன?" என்று கேட்டார். அதற்கும் சேர்த்து மூன்றாவது நாளும் பேசவில்லை.

எனக்கு வேண்டியது இந்த மண்ணில் தானாக முளைத்து நின்ற மரங்கள். அடிமரத்திலேயே காயைச் சுமந்துகொண்டு நிற்கிற பலா. வெட்டுப்பட்டால் சிவப்பாகப் பால் வடிகிற வேங்கை. கடுக்காய், நாவல், காட்டு மா. இவற்றிலெல்லாம் என் மனம் போய் ஒட்டிக்கொண்டது ஒரு முள்ளிலவில். வாழவந்தி நாட்டுப் பக்கம், ஒரு மரவள்ளிக் காட்டின் வரப்போரம் தனியாக நிற்கிறது. தை முடியும்போது ஓர் இலை பாக்கி இல்லாமல் உதிர்த்துவிட்டு, மாசியில் வெறுங்கிளையில் சிவப்பாகப் பூக்கும். பூ ஒவ்வொன்றும் கனமானது. விழுந்தால் தொப்பென்று சத்தம் கேட்கும். மைனாவும் கரிச்சானும் தேன் குடிக்க வந்து அடித்துக்கொள்ளும். நாங்கள் மலைக்கு வந்த முதல் மாசியில், பஸ் ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று நினைத்தாராம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாசியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் அவருடைய வண்டியில் அங்கே போவோம். எதிரில் ஒரு பாறை உண்டு. அது என் இடம். மரத்தடி அவருடைய இடம்.

அவர் அங்கே நிழலுக்காக நிற்கவில்லை. நான்தான் நிறுத்திவைப்பேன். தனி மரத்தை வரைகிறபோது அது எவ்வளவு உயரம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. வீடு பக்கத்தில் இருந்தால் தெரியும், ஆடுமாடு நின்றால் தெரியும். ஒன்றுமில்லாத இடத்தில் ஏமாற்றிவிடும். அதனால் முதலில் அவரை அடிமரத்தோடு ஒட்டி நிற்கச் சொல்வேன். கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலைச் செங்குத்தாகப் பிடிப்பேன். பென்சில் முனை அவர் உச்சந்தலைக்கு, கட்டைவிரல் நகம் அவர் பாதத்துக்கு. அந்த நீளம் ஓர் ஆள். அதையே ஒன்றின் மேல் ஒன்றாக மரத்தின் உச்சிவரைக்கும் ஏற்றிக்கொண்டு போனால் மரம் எத்தனை ஆள் உயரம் என்று வந்துவிடும். தாளிலும் மரத்தின் அடியில் அவருக்கு ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் ஏணிப் படி மாதிரி குறித்துக்கொள்வேன். வண்ணம் எடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ரப்பரால் அழித்துவிடுவேன். எண்ணிக்கையை மட்டும் தாளின் பின்பக்கம் எழுதிவைப்பேன்.

"சித்த நேரம் ஆடாம நில்லுங்க!" என்று பாறையிலிருந்து கத்துவேன்.

"எறும்பு கடிக்குது புள்ள."

"கடிச்சாக் கடிக்கட்டும், காலை மாத்தாதீங்க!"

முதல் வருடம் முடித்ததும் வந்து தாளைப் பார்த்தார். அங்கே மரம் மட்டும் இருந்தது.

"என்னைய எங்க?"

"அழிச்சுட்டேன்."

"ஒரு மணி நேரம் நின்னேன். ஓரமா ஒரு புள்ளியாட்டமாச்சும் உட்டு வெக்கலாமல்ல?"

"ஆள் இருந்தாப் பாக்குறவங்க கண்ணு ஆளுகிட்டப் போயிரும். நீங்க அளவுக்குத்தானுங்க, படத்துக்கில்ல" என்றேன்.

அதைப் பெரிய ஜோக்காக எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் என் படங்களைக் காட்டி, "இது எல்லாத்துலயும் நானிருக்கேன், தெரியாது. நான் அளவுக்குத்தான்" என்று சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சிரிப்பேன். இப்போது எழுதும்போது அந்த வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

முதல் நான்கு மாசியும் மரம் ஒன்பது ஆள். என் அளவு பிசகாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அளவில்லாமல் வரைந்தால் எனக்கு வரும் கோபம் ஊருக்கே தெரியும். ஐந்தாவது மாசியில் ஒன்பதே கால் வந்தது. நம்பாமல் மறுபடி அளந்தேன். ஒன்பதே கால்தான்.

"ஏனுங்க, மரம் வளந்துருக்குதுங்க!" என்று பாறையிலிருந்தே கத்தினேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த வருடம் மழையும் நன்றாகப் பெய்திருந்தது.

காட்டுக்காரம்மா பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், ஒவ்வொரு மாசியும் எங்களைப் பார்த்து எங்களோடு பழகிவிட்டவர். நிமிர்ந்து மரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது இனி எங்கீங்க டீச்சர் வளரப் போவுது? எங்க அப்புச்சி காலத்துல இருந்து இதே உசரந்தானுங்க."

"நீங்க பாத்தது கண்ணுல. நான் பாக்குறது அளவுல" என்றேன். என் வாய் அப்படி. அவர் கிழங்கைப் பிடுங்கப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் மரத்தில் சாய்ந்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வருடம் முழுக்க அவருக்கு முதுகு வலி. கம்பம் ஏறுகிறவனுக்கு முதுகு வலிக்காமல் வேறெங்கே வலிக்கும் என்று அவரே சொல்வார். நானும் தைலம் தேய்த்துவிட்டேன். கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். சட்டை இடுப்புக்குக் கீழே இறங்கித் தொடையில் தொங்க ஆரம்பித்தது. உள்ளே விட்டு பேண்ட்டைக் கட்டுங்கள், சின்னப் பையன்கள் மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு திரியாதீர்கள் என்று அதற்கும் திட்டினேன். கடைசியில் நானே உட்கார்ந்து எல்லாச் சட்டையையும் இரண்டு விரற்கடை மடித்துத் தைத்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. துணி தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். மரம் வளர்ந்ததை நம்பினவளுக்கு சட்டை வளர்ந்ததை நம்புவது ஒரு சிரமமா?

ஆறாவது மாசியில் மரம் ஒன்பதரை ஆள்.

அன்றைக்கு அவர் நேராக நிற்கவே இல்லை. சாய்கிறார், முட்டியில் கை வைக்கிறார், நிமிர்கிறார். நான் ஒரு கண்ணை மூடி அளவெடுக்கும் நேரம் பார்த்துக் குனிகிறார். "பத்து நிமிஷம் நிக்க முடியாதுங்களா? உங்களை என்ன மலையா தூக்கச் சொல்றேன்?" என்று கத்தினேன். "நிக்கிறேன் புள்ள, நிக்கிறேன்" என்று மரத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். முள்ளிலவின் அடிமரத்தில் ஆங்காங்கே முள் முண்டுகள் இருக்கும். அதில் ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நிமிர்ந்த அளவைத்தான் நான் எடுத்தேன். அப்படியும் ஒன்பதரை.

"அரை ஆள் வளந்துருச்சுங்க! ரெண்டே வருசத்துல!" என்றேன்.

"வளரட்டும் வளரட்டும்" என்று சிரித்தார்.

ஆனி மாதம் ஒரு காலையில் கேஸ் சிலிண்டரை நகர்த்தக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. அடுப்படியில் கையை ஊன்றியபடி அப்படியே இருந்தார். ஆம்புலன்ஸில் கொண்டை ஊசி வளைவுகள் எழுபதையும் இறங்கி சேலத்துக்குப் போனோம். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் என்றார். ரொம்பவும் முற்றிவிட்டது என்றார். பிறகு, "இவரோட பழைய உயரம் எவ்வளவும்மா?" என்று கேட்டார்.

"அஞ்சடி எட்டு அங்குலங்க." அவருடைய சர்வீஸ் ரிஜிஸ்டரில் அப்படித்தான் எழுதியிருக்கும். பெண் பார்க்க வந்தபோதே அதைத்தான் எங்கள் வீட்டில் பெருமையாகச் சொன்னார்கள்.

"இப்ப அஞ்சு நாலுதான் இருக்கார். முதுகெலும்பு நொறுங்கி ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கு. ஒரே நாள்ல நடந்தது இல்ல இது, ரெண்டு வருஷமாவது ஆயிருக்கும். வீட்ல யாரும் கவனிக்கலையா?"

அவர் குற்றம் சொல்கிற குரலில் கேட்கவில்லை. எல்லாரிடமும் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். "இல்லீங்க" என்றேன். வீட்டில் யாரும் என்றால் நான்தானே.

மாற்றுத்துணி எடுக்க மறுநாள் பஸ் ஏறி மலைக்கு வந்தேன். பீரோவின் மேல் படங்கள் சுருட்டி இருந்தன. ஆறு முள்ளிலவையும் இறக்கித் தரையில் குப்புறப் போட்டேன். ஒன்பது, ஒன்பது, ஒன்பது, ஒன்பது, ஒன்பதே கால், ஒன்பதரை. என் கையெழுத்து. எல்லாம் வரிசையாக இருந்தது. ஊரில் எந்த மனைவியும் தன் புருஷனை வருஷா வருஷம் நிறுத்தி வைத்து அளந்திருக்க மாட்டாள். நான் அளந்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிசகாமல் அளந்து, தேதி போட்டு எழுதியும் வைத்தேன். அவர் கண்ணெதிரே குறைந்துகொண்டே வந்திருக்கிறார், நான் மரம் வளர்கிறது என்று கைகொட்டியிருக்கிறேன். அந்தத் தாள்களின் மேலேயே விழுந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பள்ளிக்கூடத்து மணி அடித்த பிறகுதான் எழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவரிடம் சொல்லிவிட்டேன். மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. "மரம் வளரலீங்க" என்றேன்.

"தெரியும் புள்ள" என்றார்.

"எப்பிடிங்க?"

"கெளை வெட்டுறவன்கிட்டக் கேக்கறியே. அத்தன வயசு மரம் ரெண்டு வருசத்துல அரை ஆள் வளருமா? எனக்கு எட்டிட்டிருந்த ஸ்விட்சு பெட்டியெல்லாம் எட்டாமப் போச்சு. ஏதோ குறையுதுன்னு தெரிஞ்சுது. என்னான்னு தெரியல."

"அப்பவே ஏனுங்க சொல்லல?" எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "மரம் வளந்துருச்சுன்னு அப்பிடிக் குதிச்சியே. அதுல போயி என்னத்தச் சொல்றது?" என்றார்.

ஐப்பசியில் அவர் போய்விட்டார். விடியற்காலையில், நான் டீ வாங்கக் கீழே இறங்கியிருந்த நேரத்தில். அவரைக் கீழ்நாட்டில் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவதென்று முடிவாயிற்று. பெட்டி செய்கிறவர் போனில் கூப்பிட்டார்.

"ஆளு எத்தன அடிங்க?"

எனக்குத் தெரியும். அந்த ஆஸ்பத்திரியில் அதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அந்த நாலு மாதத்தில் அவர் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தார். அதுவும் தெரியும். ஆனால் அவரைக் குள்ளமென்று என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அஞ்சடி எட்டு அங்குலம்" என்றேன்.

பெட்டி வந்தது. அவரைப் படுக்க வைத்தபோது கால்மாட்டில் அரைச் சாணுக்கு மேல் காலியாகக் கிடந்தது. தூக்கும்போது உடல் சரியும் என்று பெட்டிக்காரர் முணுமுணுத்தார். "அளவைச் சரியாச் சொல்லியிருக்கலாமேங்க" என்றார். யாரோ ஒரு போர்வையை மடித்துக் கால்பக்கம் திணித்தார்கள். அப்புறம் மூடிவிட்டார்கள்.

இந்த மாசியில் நான் தனியாகத்தான் போனேன். வண்டி ஓட்ட எனக்குத் தெரியாது. பஸ்ஸில் போய் இறங்கி நடந்தேன். அவருடைய தொரட்டிக் கம்பு வீட்டில் இருந்தது. கிளை இழுப்பதற்கு வைத்திருந்தது. டேப்பை வைத்து அதில் ஐந்தடி எட்டு அங்குலத்தை அளந்து, சிவப்பு நூல் கட்டி எடுத்துப் போனேன். பஸ்ஸில் கண்டக்டர், "என்னங்க டீச்சர், மாங்காய் பறிக்கவா?" என்று கேட்டார். மாசியில் ஏது மாங்காய் என்று அவரிடம் எரிந்து விழுந்தேன்.

மரம் பூத்திருந்தது. போன வருடம் பூத்த மாதிரியே பூத்திருந்தது. அதன் மேல் எனக்கு வந்த வெறுப்பை எப்படிச் சொல்வது? ஒரு கிளைகூடக் குறையவில்லை. காட்டுக்காரம்மா என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். சேதி அவருக்கு எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் இருவரும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். பிறகு கம்பை அவரிடம் கொடுத்து, அவர் அண்ணன் என்று கூப்பிடும் என் வீட்டுக்காரர் நின்ற இடத்தில் நேராகப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

பாறைக்கு வந்து கையை நீட்டினேன். பென்சில் முனை சிவப்பு நூலுக்கு, கட்டைவிரல் தரைக்கு. ஒன்று, இரண்டு என்று ஏற்றிக்கொண்டு போனேன். உச்சிப் பூவில் போய் ஒன்பது முடிந்தது. இம்மி கூடவில்லை, இம்மி குறையவில்லை.

"எத்தினி வந்துதுங்க டீச்சர்?" என்று காட்டுக்காரம்மா அங்கிருந்து கேட்டார்.

"ஒம்பதுங்க."

"ம்" என்றார். நான் அப்போதே சொன்னேனே என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தாளில் மரத்தடியில் வழக்கம்போல அவருக்கு ஒரு கோடு போட்டேன். மேலே படிகளைக் குறித்தேன். ரப்பரைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். அந்தக் கோட்டை ஆளாக்கிவிடலாம் என்று தோன்றியது. ஓரமாக ஒரு புள்ளியாவது என்று அவர் கேட்டாரே. இந்தத் தடவை மரம் பின்னால் போனால் போகட்டும்.

தலையைப் போட்டேன். தோளைப் போட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. எந்தக் காலில் பாரம் போட்டு நிற்பார்? கையை எங்கே வைத்துக்கொள்வார்? கட்டியா, தொங்கவிட்டா? வலது பக்கம் வகிடா, இடது பக்கமா? வீட்டில் நடமாடும் மனிதராக எல்லாம் நினைவிருக்கிறது. டீ ஆற்றுவது, ஷூ லேஸ் கட்டக் குனிவது எல்லாம் கண்ணில் நிற்கிறது. அந்த மரத்தடியில் எனக்காக நின்ற மனிதர் எப்படி நின்றார் என்று தெரியவில்லை. ஆறு வருடம் பார்த்திருக்கிறேன், உச்சந்தலையையும் பாதத்தையும் மட்டும். நடுவில் இருந்த எதையும் நான் பார்க்கவே இல்லை. வரைந்தேன், அழித்தேன், மறுபடி வரைந்தேன். வெயில் ஏறி, பூ இரண்டு மூன்று என் பக்கமே வந்து விழுந்தது. கடைசியில் பேண்ட்டும் சட்டையும் போட்ட யாரோ ஒருவர் மரத்தடியில் நின்றார். அவர் இல்லை.

காட்டுக்காரம்மா கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இது ஆருங்க டீச்சர்?"

"எங்க வீட்டுக்காரருங்க" என்றேன்.

அவர் தாளைக் கையில் வாங்கினார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் தாளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"உசரம் அண்ணன் உசரமேதானுங்க சாமி."